அஸூரில் இருக்கும் 14 தளங்களை ஒரு பைதன் ஸ்கிரிப்டால் மேய்ப்பது

கேள்வி: கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்புப் பக்கக் கடைகள், டியூசன் வகுப்புகள், அறுகம்பேயில் இரண்டு விடுதிகள் என்று 14 சின்ன வெப் அப்களை மைக்ரோசொஃப்டின் கிளவுட் சேவையான அஸூர் அப் சேர்விஸில் வைத்திருக்கிறேன். ஒரு செட்டிங் மாற்ற வேண்டுமென்றால் போர்ட்டலில் (அஸூரின் நிர்வாக இணையப் பக்கத்தில்) 14 தடவை திறந்து மூட வேண்டியிருக்கிறது. பைதன் லைப்ரரியால் இதைச் செய்யலாமாமே, எங்கே தொடங்குவது? மாரி மழையில் லைன் அறுந்தால் பாதியில் நின்றுவிடாதா?

பதில்:

செய்யலாம். 14 தளத்துக்கு ஸ்கிரிப்ட்தான் பொருத்தம். இரண்டு மூன்று தளம் என்றால் இந்தப் பாடுபடத் தேவையில்லை, போர்ட்டலே போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். போர்ட்டல் பல இடங்களில் நீங்கள் கேட்காமலே உங்களைக் காப்பாற்றுகிறது. லைப்ரரி சொன்னதை அப்படியே செய்யும், தெரியாமல் சொன்னதையும் செய்யும். ஆகவே ஸ்கிரிப்ட் எழுதும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: இருப்பதை முதலில் வாசி, வேண்டியதோடு ஒப்பிடு, வித்தியாசம் இருந்தால் மட்டும் எழுது. லைன் அறுந்தால் என்ன செய்வது என்ற உங்கள் பயத்துக்கும் பாதி மருந்து இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

பெயர்களை வாயில் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். கோடில் ஃபங்ஷன் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர். கிளாஸ் பெயர்களில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும், இடைவெளி இராது. மிச்சத்தை எடிட்டர் எடுத்துத் தரும்.

லைப்ரரியால் முடிந்ததும் முடியாததும்

போர்ட்டலில் நீங்கள் அழுத்தும் பட்டன் ஒவ்வொன்றும் அஸூர் ரிசோர்ஸ் மனேஜர் என்ற ஒரே வாசலுக்கு ஓர் எச்டிடிபி கோரிக்கையாகத்தான் போகிறது. அஸூர்-எம்ஜிஎம்ட்டி-வெப் என்ற பைதன் பக்கேஜும் அதே வாசலைத்தான் தட்டுகிறது. அப் உருவாக்குவது, அழிப்பது, நிறுத்துவது, ரீஸ்டார்ட் பண்ணுவது, செட்டிங் மாற்றுவது, பிளானை (தளங்கள் ஓடும் வாடகைச் சேவரை) பெருப்பிப்பது, சொந்த டொமைனைக் கட்டுவது எல்லாம் இதற்குள் அடங்கும்.

உங்கள் கோடை ஏற்றுவது இதன் வேலை இல்லை. அதற்கு ஒவ்வொரு தளத்துக்கும் ‘எஸ்சிஎம்’ என்று நடுவில் வரும் இன்னொரு முகவரி இருக்கிறது. குடு என்று சொல்வார்கள். சிப் ஃபைலை அங்கேதான் அனுப்ப வேண்டும். அங்கே பழைய பாவனையாளர் பெயர், பாஸ்வேர்ட் முறையை மூடி வைத்திருந்தால் 401 என்ற அடையாள மறுப்புப் பிழை வரும். அப்போது அடையாள டோக்கனோடு போக வேண்டும். பைதன் அப் என்றால் ‘எஸ்சிஎம் டூ பில்ட் டியூரிங் டிப்ளோய்மென்ட்’ என்ற செட்டிங்கை ‘ட்ரூ’ என்று போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சிப் போய்ச் சேரும், ரிக்வையர்மென்ட்ஸில் உள்ளவை நிறுவப்படாது, தளம் எழும்பாது.

வெளியே பதிந்த டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளையும் இது தொடாது. டொட் எல்கே டொமைன் வைத்திருக்கும் கடைகளுக்கு சீநேம் பதிவையும் (டொமைனை அஸூர் முகவரிக்குத் திருப்பும் பதிவு), ‘ஏஎஸ்யூஐடி’ என்று தொடங்கும் டெக்ஸ்ட் பதிவையும் நீங்களே போய்ப் போட வேண்டும். அந்த டெக்ஸ்ட் பதிவுக்குள் வைக்க வேண்டிய மதிப்பை மட்டும் லைப்ரரியிடம் எடுக்கலாம். தளத்தின் விபரத்தில் ‘கஸ்டம் டொமைன் வெரிஃபிகேஷன் ஐடி’ என்ற பெயரில் இருக்கும்.

நிறுவுதலும் அனுமதியும்

தனி விர்ச்சுவல் என்வயர்மென்ட் ஒன்றை உருவாக்கி, அதற்குள் அஸூர்-ஐடென்டிட்டி, அஸூர்-எம்ஜிஎம்ட்டி-வெப் இரண்டையும் பிப்பால் போடுங்கள். போட்டவுடனே வேர்ஷன் எண்ணை ரிக்வையர்மென்ட்ஸ் ஃபைலில் பூட்டிவிடுங்கள். இந்தப் பக்கேஜின் முதல் எண் மாறும்போது கிளாஸ்களும் அளவுருக்களும் இடம்மாறுவது வழக்கம். ஆறு மாதம் கழித்து வேறு கணினியில் நிறுவிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் ஏன் ஓடவில்லை என்று தலையைச் சொறிய வேண்டாம்.

சொந்த மடிக்கணினியில் அஸூர் சிஎல்ஐயை (கட்டளை எழுதி அஸூரை இயக்கும் கருவியை) நிறுவி, ‘அஸ் லொகின்’ கொடுத்து ஒரு தடவை உள்ளே போனால் போதும். ஸ்கிரிப்டில் டிஃபோல்ட் அஸூர் கிரெடென்ஷல் என்ற கிளாஸை அழைத்தால் அது என்வயர்மென்ட் மாறிகள், மனேஜ்ட் ஐடென்டிட்டி (அஸூருக்குள் ஓடும் அப்புக்கு அஸூரே தரும் அடையாளம்), சிஎல்ஐ என்று வரிசையாகத் தேடிப் பார்த்து, கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் எப்போதோ செட் பண்ணி மறந்துபோன கிளையன்ட் ஐடி, சீக்ரெட் மாறிகள் அந்தக் கணினியில் கிடந்தால் அவை முந்திக்கொள்ளும். நீங்கள் ஒருவராக உள்ளே போனதாக நினைப்பீர்கள், ஸ்கிரிப்ட் வேறொருவராகப் போய் 403 (அனுமதி இல்லை) வாங்கி வரும். மடிக்கணினிக்கு அஸூர் சிஎல்ஐ கிரெடென்ஷல் என்ற கிளாஸையே நேராகப் பாவிப்பது நல்லது. அது சிஎல்ஐயை ஓட்டிப் பார்க்க 10 செக்கன்தான் காத்திருக்கும். பழைய கணினியில் சிஎல்ஐ எழும்பவே அதைவிட நேரம் எடுக்கலாம். அப்படியானால் ‘ப்ரொசெஸ் டைம்அவுட்’ என்ற அளவுருவை 30 ஆக்குங்கள்.

பிறகு வெப் சைட் மனேஜ்மென்ட் கிளையன்ட் என்ற கிளாஸுக்குக் கிரெடென்ஷலையும் சப்ஸ்கிரிப்ஷன் ஐடியையும் கொடுத்தால் கிளையன்ட் தயார். கிளையன்டை உருவாக்கும்போது பிழை வராது, முதல் கோரிக்கை போகும்போதுதான் வரும். ஐடி தவறாக இருந்தாலும் அப்போதுதான் தெரியும்.

கரண்ட் போய் வந்த பிறகு திடீரென்று எல்லாக் கோரிக்கையும் சான்றிதழ்ப் பிழையோடு விழுந்தால் கோடைத் தோண்டாதீர்கள். கணினியின் நேரத்தைப் பாருங்கள். மதர்போர்ட் பற்றரி செத்த மேசைக் கணினிகளில் கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் திகதியில் அஸூரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

அனுமதி விடயத்தில் கஞ்சத்தனம் நல்லது. ஸ்கிரிப்டுக்கு முழுச் சப்ஸ்கிரிப்ஷனுக்கும் ஓனர் உரிமை கொடுக்க வேண்டாம். 14 தளமும் உள்ள ரிசோர்ஸ் குரூப்புக்கு (அஸூரில் சேர்ந்து வைத்த தொகுப்புக்கு) மட்டும் வெப்சைட் கொன்ட்ரிபியூட்டர் பங்கு போதும். இந்தப் பங்கால் தளங்களை மாற்றலாம், ஏற்கெனவே உள்ள பிளானில் புதிதாக ஒரு தளத்தைச் சேர்க்கலாம். பிளானை உருவாக்கவோ மாற்றவோ முடியாது. பணம் பிளானில் இருப்பதால் இந்தத் தடை உங்களுக்கு ஒரு காவல். பங்கைக் கொடுத்தவுடன் வேலை செய்யாவிட்டால் பயப்பட வேண்டாம், பரவுவதற்குப் பத்து நிமிடம் வரை எடுக்கலாம்.

முதல் ஸ்கிரிப்ட் எதையும் மாற்றக் கூடாது

வெப் அப்ஸ் என்பதன் கீழ் ‘லிஸ்ட் பை ரிசோர்ஸ் குரூப்’ என்று அழைத்தால் எல்லாத் தளங்களும் வரும். இது சோம்பேறி லிஸ்ட். அழைத்த வரியில் கோரிக்கை போகாது, ஃபோர் லூப் சுற்றத் தொடங்கும்போதுதான் போகும். ஆகவே ட்ரை, எக்செப்ட் போடுவதானால் லூப் முழுவதையும் சுற்றிப் போடுங்கள். அழைக்கும் வரியை மட்டும் சுற்றிப் போட்டால் பிழை பிடிபடாது.

ஒவ்வொரு தளத்துக்கும் நிலை, முகவரி, எந்தப் பிளானில் இருக்கிறது, எச்டிடிபிஎஸ் மட்டும்தானா என்பதை அச்சிடுங்கள். லிஸ்டில் வரும் ‘சைட் கொன்ஃபிக்’ பகுதியை மட்டும் நம்பாதீர்கள். அதில் பெரும்பாலானவை ‘நன்’ என்று காலியாகவே வரும். அதைப் பார்த்துவிட்டு ‘ஒல்வேய்ஸ் ஒன் (யாரும் வராதபோதும் தளத்தைத் தூங்கவிடாத செட்டிங்) எல்லாத்திலும் போடப்படவில்லை’ என்று முடிவுகட்டுவது சாதாரணமாக நடக்கும் பிழை. உண்மையான மதிப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக ‘கெட் கொன்ஃபிகரேஷன்’ அழைக்க வேண்டும். 14 தளத்துக்கு 14 கோரிக்கை, அவ்வளவுதான்.

அதில் மூன்றைக் கட்டாயம் பாருங்கள். மிகக் குறைந்த டிஎல்எஸ் வேர்ஷன் 1.2க்குக் கீழே இருக்கிறதா, எஃப்டிபி திறந்து கிடக்கிறதா, லினக்ஸ் ஓடுதளத்தின் வேர்ஷன் என்ன. மூன்றாவது முக்கியம். பைதன் 3.9க்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. செய்துகொடுத்து மறந்துபோன கடைத் தளங்கள்தான் இப்படிப் பழைய வேர்ஷனில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்த விபரத்தை ஒரு சிஎஸ்வி ஃபைலில் சேமியுங்கள். பிறகு ஏதாவது கோணலானால், முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க அதுதான் சாட்சி.

செட்டிங் மாற்றுவது: இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்

பேமென்ட் கேட்வேயின் முகவரி மாறிவிட்டது, 14 தளத்திலும் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘அப்டேட் அப்ளிகேஷன் செட்டிங்ஸ்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்தால், கொடுக்கும் ஒன்றை மட்டும் மாற்றும் என்றுதான் தோன்றும். அப்படியில்லை. நீங்கள் கொடுக்கும் தொகுதியை வைத்து முழுவதையும் மாற்றி எழுதும். ஒரே ஒரு செட்டிங்கைக் கொடுத்து அழைத்தால், தரவுத்தள இணைப்பு, எஸ்எம்எஸ் கேட்வேயின் திறவுகோல், சீக்ரெட் கீ எல்லாம் அந்த ஒரு வரியோடு போய்விடும். தளம் உடனே ரீஸ்டார்ட் ஆகி 500 காட்டும். லூப்புக்குள் வைத்திருந்தால் 14 தளமும் ஒன்றன்பின் ஒன்றாக விழும்.

சிஎல்ஐயில் பழகியவர்களுக்கு இது இன்னும் ஏமாற்றமாக இருக்கும். சிஎல்ஐயின் ‘அப்செட்டிங்ஸ் செட்’ கட்டளை, இருப்பதைத் தானே வாசித்து, நீங்கள் கொடுத்ததைச் சேர்த்து, பிறகு முழுவதையும் எழுதுகிறது. லைப்ரரியில் அந்த வேலை உங்கள் தலையில்.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் ‘லிஸ்ட் அப்ளிகேஷன் செட்டிங்ஸ்’ அழைத்து, வரும் ஒப்ஜெக்டின் ‘ப்ரொப்பட்டீஸ்’ பகுதியை ஒரு டிக்ஷனரியாக எடுங்கள். அது காலியாகவோ ‘நன்’ ஆகவோ வந்தால் அந்தத் தளத்தை விட்டுவிட்டு ஓர் எச்சரிக்கையை அச்சிடுங்கள். உண்மையில் செட்டிங்கே இல்லாத தளம் அபூர்வம். எடுத்த டிக்ஷனரியைத் தளத்தின் பெயர், திகதியோடு ஒரு ஜேசன் ஃபைலில் சேமியுங்கள். பிறகு அதன் பிரதி ஒன்றில் உங்கள் மாற்றத்தைச் செய்து, பழையதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் எழுதாமல் அடுத்த தளத்துக்குப் போங்கள். வித்தியாசம் இருந்தால் மட்டும் ஸ்ட்ரிங் டிக்ஷனரி என்ற கிளாஸுக்குள் முழு டிக்ஷனரியையும் வைத்து அனுப்புங்கள்.

‘ஒப்பிட்டு விட்டுவிடு’ என்ற படி நேரத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. செட்டிங் எழுதினால் தளம் ரீஸ்டார்ட் ஆகும், மதிப்பு மாறாவிட்டாலும் ஆகலாம். மாலை ஆறு மணிக்கு டியூசன் தளத்தில் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது சும்மா ஒரு ரீஸ்டார்ட் தேவையா?

அந்த ஜேசன் ஃபைல்களுக்குள் பாஸ்வேர்ட்கள் வெட்டவெளிச்சமாக இருக்கும். கிட்டில் ஏற்றிவிடாதீர்கள். அவை கிடக்கும் ஃபோல்டரை முதல் நாளே கிட் இக்னோரில் போடுங்கள். நிரந்தரத் தீர்வு, ரகசியங்களைக் கீ வோல்ட்டில் (அஸூரின் ரகசியப் பெட்டகத்தில்) வைத்து, செட்டிங்கில் அதற்கான சுட்டியை மட்டும் வைப்பது. அப்போது செட்டிங் வெளியே போனாலும் ரகசியம் போகாது.

செட்டிங்கை வாசிப்பதற்கு ரீடர் பங்கு போதாது. ரகசியங்கள் உள்ளே இருப்பதால், அந்த ‘லிஸ்ட்’ உள்ளுக்குள் ஒரு போஸ்ட் கோரிக்கையாகவே போகிறது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். தளங்களை லிஸ்ட் எடுக்க முடிகிறது, செட்டிங்கை எடுக்கும்போது மட்டும் 403 வருகிறது என்றால் காரணம் இதுதான்.

இன்னொன்று, நீங்கள் வாசித்ததற்கும் எழுதுவதற்கும் இடையில் கூட்டாளி யாராவது போர்ட்டலில் ஒரு செட்டிங் சேர்த்தால், உங்கள் எழுத்து அதை அழித்துவிடும். 14 தளத்தையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் பிறகு 14ஐயும் எழுதாதீர்கள். ஒரு தளத்தை வாசி, எழுது, அடுத்ததற்குப் போ. முதல் தளத்தை எழுதியவுடன் அதன் முகவரிக்கு ஒரு கெட் கோரிக்கை அனுப்பி 200 வருகிறதா என்று பார்த்த பிறகே இரண்டாவதைத் தொடச் சொல்லி ஸ்கிரிப்டில் எழுதுங்கள். அப்படி எழுதினால் பிழை நடந்தாலும் ஒரு கடையோடு நிற்கும். ‘ட்ரை ரன்’ என்று ஓர் அளவுரு வைத்து, இயல்பு நிலையில் ஸ்கிரிப்ட் எதையும் எழுதாமல், என்ன மாறும் என்று மட்டும் காட்டும்படி வையுங்கள். எழுத வேண்டுமென்றால் வேண்டுமென்றே ஒரு கொடியைக் கொடுக்க வேண்டும்.

தளத்தின் மற்ற விபரங்களிலும் இதே கதைதான். ‘பிகின் கிரியேட் ஓர் அப்டேட்’ முழுவதையும் புட் பண்ணும் (மாற்றி எழுதும்), நீங்கள் டாக்ஸ் (தளத்தில் ஒட்டிய குறிச்சீட்டுகள்) கொடுக்காவிட்டால் இருந்த டாக்ஸ் போய்விடும். எச்டிடிபிஎஸ் மட்டும் என்பதைப் போடுவது போன்ற சின்ன மாற்றத்துக்கு கொடுத்ததை மட்டும் மாற்றும் ‘அப்டேட்’ என்ற பாட்ச் வகை ஃபங்ஷனையும் சைட் பாட்ச் ரிசோர்ஸ் கிளாஸையும் பாவியுங்கள்.

லைன் அறுந்தால்

நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் டொங்கிளை நம்பி வேலை செய்பவர்களுக்கு இது நியாயமான பயம். நடப்பது இரண்டு வகை.

பெயருக்கு முன் ‘பிகின்’ என்று வரும் ஃபங்ஷன்கள் நீண்ட நேரம் எடுப்பவை: பிளான் உருவாக்குவது, தளம் உருவாக்குவது, ஸ்லொட் (தளத்தின் சோதனைப் பிரதி) மாற்றுவது. இவை ஒரு போலரை (வேலையின் நிலையைக் கேட்டுச் சொல்லும் ஒப்ஜெக்டை) திருப்பித் தரும். கோரிக்கை ஏற்கப்பட்டவுடன் வேலை அஸூரின் பக்கத்தில் நடக்கத் தொடங்கிவிடும். உங்கள் ஸ்கிரிப்ட் செய்வது ‘முடிந்ததா, முடிந்ததா’ என்று இடையிடையே கேட்பது மட்டும்தான். சேவர் எவ்வளவு நேரம் பொறு என்று சொல்லாவிட்டால் 30 செக்கனுக்கு ஒரு தடவை கேட்கும். அந்த நேரத்தில் லைன் போனால் வேலை நிற்காது, உங்களுக்குச் செய்தி வராது, அவ்வளவுதான். மறுபடி முதலில் இருந்து ஓட்ட வேண்டியதில்லை. போலர் கிடைத்தவுடன் அதன் ‘கொன்டினியுவேஷன் டோக்கன்’ என்ற சரத்தை எடுத்து ஃபைலில் சேமியுங்கள். லைன் வந்த பிறகு அதே ‘பிகின்’ ஃபங்ஷனை அந்த டோக்கனோடு அழைத்தால் விட்ட இடத்திலிருந்து கேட்கத் தொடங்கும். லைப்ரரியின் பழைய வேர்ஷன்களில் டோக்கனுக்குள் பிக்கிள் செய்யப்பட்ட தரவு (திறக்கும்போது கோட் ஓடக்கூடியது) இருக்கும் என்பதால், வேறு யாராவது அனுப்பிய டோக்கனை உங்கள் கணினியில் திறக்க வேண்டாம்.

‘பிகின்’ இல்லாதவை ஒரே கோரிக்கையில் முடிபவை: செட்டிங் எழுதுவது, ரீஸ்டார்ட், ஸ்டொப். கோரிக்கை போய்ச் சேர்ந்து பதில் வரும் வழியில் லைன் அறுந்தால், மாற்றம் நடந்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. ஊகிக்க வேண்டாம், ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுங்கள். வாசித்து ஒப்பிட்டுத்தான் எழுதும் என்பதால், மாறிய தளங்களைத் தானே தாண்டி, விடுபட்டதில் வந்து நிற்கும்.

லைப்ரரிக்குள் தானாக மறுமுயற்சி செய்யும் ஏற்பாடு இருக்கிறது. கெட், புட், டிலீட் வகைக் கோரிக்கைகளில் வாசிக்கும்போது இணைப்பு அறுந்தால் அது திரும்ப முயலும். போஸ்ட் வகையை அப்படி முயலாது, இரண்டு தடவை நடந்துவிடக் கூடாதென்ற எச்சரிக்கை. மேலே சொன்ன ‘லிஸ்ட் அப்ளிகேஷன் செட்டிங்ஸ்’ வாசிப்புத்தான், ஆனாலும் போஸ்ட் என்பதால் அதற்கும் அந்த மறுமுயற்சி கிடையாது. அதை மட்டும் நீங்களே ஒரு சின்ன லூப்பில் மூன்று தடவை முயலும்படி எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்ட் உறைந்து நிற்பதுபோலத் தெரிவதும் இதோடு சேர்ந்ததுதான். இணைக்கவும் வாசிக்கவும் லைப்ரரியின் இயல்பான பொறுமை 300 செக்கன், அதாவது ஐந்து நிமிடம். செத்த லைனில் ஐந்து நிமிடம் சும்மா நிற்கும், பிறகு மறுமுயற்சி என்று இன்னும் நிற்கும். கிளையன்டை உருவாக்கும்போது ‘கனெக்ஷன் டைம்அவுட்’ 20, ‘ரீட் டைம்அவுட்’ 60 என்று கொடுத்தால் விரைவாகவே பிழையைச் சொல்லும்.

பணம் பிளானில் இருக்கிறது

தளத்தை ‘ஸ்டொப்’ பண்ணினால் கட்டணம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. கட்டணம் அப் சேர்விஸ் பிளானுக்கு. அதற்குள் ஒரு தளம் ஓடினாலும், ஒன்றுமே ஓடாவிட்டாலும், டொலரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே மாதம் ஒரு தடவை, ‘அப் சேர்விஸ் பிளான்ஸ்’ என்பதன் கீழ் லிஸ்ட் எடுத்து, ‘நம்பர் ஒஃப் சைட்ஸ்’ பூச்சியமாக உள்ள பிளான் எதுவும் கிடக்கிறதா என்று பார்க்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். மற்ற எல்லா ஸ்கிரிப்டையும்விட அதுதான் உங்களுக்குக் காசு மிச்சம் பிடித்துத் தரும்.

14ஐயும் ஒரே பி1 பிளானில் அடைக்கலாமா? அடைக்க விடும். ஆனால் பி1 என்பது ஒரு கோர், 1.75 ஜிபி மெமரி. இந்த அளவுக்கு மைக்ரோசொஃப்ட் சொல்லும் உச்சம் 8 தளம். பைதன் தளம் ஒவ்வொன்றும் தன் வேர்க்கர்களோடு எழும்பும்போது மெமரி முட்டும், எல்லாத் தளமும் சேர்ந்து மெதுவாகும். விடுதிகளையும் காசு வாங்கும் கடைகளையும் ஒரு பிளானிலும், சும்மா விபரம் காட்டும் பக்கங்களை இன்னொன்றிலும் பிரிப்பதே என் ஆலோசனை.

இலவச எஃப்1 பிளானில் ஒரு நாளைக்கு 60 நிமிட சிபியு நேரம்தான். அது முடிந்தால் தளம் 403 காட்டி நிற்கும். தளத்தின் ‘யூசேஜ் ஸ்டேட்’ என்பதைப் பார்த்தால் ‘எக்சீடட்’ என்று இருக்கும். இந்த அளவு யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது, நமக்கு அது காலை 5.30. மாலையில் பிள்ளைகள் குவிந்து அளவு முடிந்துபோன டியூசன் தளம் மறுநாள் விடியும் வரை எழும்பாது. ரீஸ்டார்ட் பண்ணிப் பிரயோசனம் இல்லை.

அறுகம்பே விடுதிகளுக்கு மே தொடக்கம் செப்டெம்பர் வரை அலைப் பருவம். அந்த மாதங்களில் மட்டும் பிளானைப் பெருப்பிப்பது நல்ல யோசனைதான். பிளானை ‘கெட்’ பண்ணி, அதன் எஸ்கேயு (பிளானின் அளவு வகை) பெயரையும் நிலையையும் மாற்றி, அதே ஒப்ஜெக்டை ‘பிகின் கிரியேட் ஓர் அப்டேட்’ மூலம் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கு வெப்சைட் கொன்ட்ரிபியூட்டர் போதாது என்பது ஞாபகம் இருக்கட்டும். பேசிக் அல்லது ஸ்டான்டர்டிலிருந்து பிரீமியம் வி3 போன்றவற்றுக்குத் தாவும்போது தளம் வெளியே போகும் ஐபி முகவரிகள் மாறலாம். வங்கியின் பேமென்ட் கேட்வே உங்கள் ஐபியைப் பதிந்துதான் அனுமதிக்கிறது என்றால், பருவம் தொடங்கும் நாளிலேயே காசு வாங்குவது நின்றுவிடும். தாவுவதற்கு முன் ‘பொசிபிள் அவுட்பவுண்ட் ஐபி அட்ரஸஸ்’ பட்டியலை எடுத்து, அதிலுள்ள எல்லாவற்றையும் பதிந்துவையுங்கள். இறக்கும்போது இன்னொரு தடை: ஒல்வேய்ஸ் ஒன் போட்டிருந்தால், சொந்த டொமைன் கட்டியிருந்தால், இலவச நிலைக்கு இறக்க விடாது.

அழிப்பது பற்றி இரண்டு எச்சரிக்கை. ‘டிலீட்’ ஃபங்ஷன், பிளானில் இருந்த கடைசித் தளத்தை அழித்தால் இயல்பாகவே அந்தப் பிளானையும் சேர்த்து அழிக்கும். பிளான் வேண்டுமென்றால் ‘டிலீட் எம்ப்டி சேவர் ஃபார்ம்’ என்பதை ‘ஃபோல்ஸ்’ ஆக்குங்கள். இரண்டாவது, கடைக்காரரின் சீநேம் பதிவு அழிந்த தளத்தை இன்னும் காட்டிக்கொண்டிருந்தால், அதே பெயரை வேறு ஒருவர் எடுத்து அந்தக் கடையின் பெயரிலேயே தன் பக்கத்தைக் காட்ட முடியும். முதலில் டிஎன்எஸ் பதிவை எடுங்கள், பிறகு தளத்தை அழியுங்கள்.

ரீஸ்டார்ட், லொக், ஸ்லொட்

‘ரீஸ்டார்ட்’ இயல்பில் உடனே திரும்பிவிடும். கட்டளை ஏற்கப்பட்டது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், தளம் எழும்பிவிட்டது என்று இல்லை. எழும்பும் வரை காத்திருக்க ‘சிங்க்ரனஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கலாம். அப்படிச் செய்தாலும் முகவரிக்கு ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்ப்பதுதான் நிச்சயம். தேவை இருந்தால் மட்டும் ரீஸ்டார்ட் பண்ண ‘சொஃப்ட் ரீஸ்டார்ட்’ இருக்கிறது.

லினக்ஸ் தளம் எழும்ப 230 செக்கன் தருகிறார்கள். அதற்குள் பதில் சொல்லாவிட்டால் அந்தக் கொன்டெய்னரைக் கொன்றுவிட்டு மறுபடி தொடங்கும். தொடக்கத்தில் தரவுத்தள மைக்ரேஷன் ஓட்டும் தளங்கள் இதில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘வெப்சைட்ஸ் கொன்டெய்னர் ஸ்டார்ட் டைம் லிமிட்’ என்ற செட்டிங்கை 1800 வரை ஏற்றலாம். ஆனால் மைக்ரேஷனைத் தொடக்கத்திலிருந்து பிரித்து எடுப்பதே ஒழுங்கான வேலை. ஏன் எழும்பவில்லை என்று பார்க்க, ‘கெட் வெப் சைட் கொன்டெய்னர் லொக்ஸ்’ என்ற ஃபங்ஷன் கடைசி லொக் வரிகளைத் தரும். பைட்டாக வரும், டீகோட் பண்ண வேண்டும்.

ஸ்டான்டர்ட் பிளானில் 5 ஸ்லொட் கிடைக்கும், பேசிக்கில் கிடையாது. ஸ்லொட்டை மாற்றும்போது செட்டிங்குகளும் கூடவே மாறிப் போகும். சோதனைத் தரவுத்தளத்தின் இணைப்பு கடையின் உண்மைத் தளத்துக்குப் போய்விடாமல் இருக்க, அந்தச் செட்டிங்கின் பெயரை ‘அப்டேட் ஸ்லொட் கொன்ஃபிகரேஷன் நேம்ஸ்’ மூலம் ஸ்லொட்டோடு ஒட்டிவையுங்கள். இந்தப் பட்டியலையும் முழுமையாகத்தான் கொடுக்க வேண்டும்.

நேரமும், ஸ்கிரிப்டை எங்கே ஓட்டுவதும்

தளத்துக்குள் நேரம் இயல்பில் யுடிசி. நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். அதிகாலை 2 மணிக்கு ஒரு வேலை ஓட வேண்டுமென்றால் முதல்நாள் 20.30 என்று எழுத வேண்டும். திகதியோடு கிழமையும் ஒன்று பின்னால் போகும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். ‘திங்கட்கிழமை அதிகாலை’ என்பது அங்கே ஞாயிறு இரவு. தளத்தின் நேரத்தையே மாற்றுவதானால், விண்டோஸ் தளத்தில் ‘வெப்சைட் டைம் சோன்’ என்பதற்கு ‘ஸ்ரீ லங்கா ஸ்டான்டர்ட் டைம்’, லினக்ஸில் ‘டிசெட்’ (TZ) என்பதற்கு ‘ஏசியா/கொலம்போ’ என்று கொடுங்கள்.

ஒழுங்காக ஓட வேண்டிய ஸ்கிரிப்டை வீட்டுக் கணினியில் வைக்காமல், அஸூருக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் அப்பில் வைத்து, மனேஜ்ட் ஐடென்டிட்டிக்கு அந்த ரிசோர்ஸ் குரூப்பின் பங்கைக் கொடுத்துவிட்டால் கரண்டும் லைனும் பிரச்சினையே இல்லை, பாஸ்வேர்டும் எங்கும் எழுத வேண்டியதில்லை. வெளியே ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சேர்விஸ் பிரின்சிபலும் (ஸ்கிரிப்டுக்கென்றே உருவாக்கும் கணக்கு) சீக்ரெட்டும் (அதன் பாஸ்வேர்ட்) வேண்டும். போர்ட்டலில் ஒரு சீக்ரெட்டுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச ஆயுள் 24 மாதம். முடிகிற திகதியைச் சீக்ரெட்டின் விபரத்திலேயே தெளிவாக எழுதிவையுங்கள். முடிந்த சீக்ரெட்டோடு போனால் கிளையன்ட் ஓதென்டிகேஷன் எரர் வரும். அந்தப் பிழையைத் தனியாகப் பிடித்து உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பும்படி எழுதுங்கள். மற்றப் பிழைகளோடு சேர்த்து விழுங்கிவிட்டால், ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்பதே உங்களுக்குத் தெரியவராது.